சீனா வரட்டும்

வேதாச்சலத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம் அவன் வாய்தான் என்று ஊரே சொன்னது. அம்சவேணிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. மச்சினன் பேரைச் சொல்லக்கூட ஒரு மனுஷனுக்கு வாய் இருக்கக் கூடாதா?

நடந்தது இவ்வளவுதான். ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்தபோது திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நகரியும் புத்தூரும் ஆந்திராப் பக்கமே நின்றன. நகரிக்குக் கிழக்கே இருந்த வேதாச்சலத்தின் வேர்க்கடலைக் கொல்லை மட்டும் எந்தப் பக்கமும் முழுசாகப் போகவில்லை. நட்டநடுவில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவரைக் கேட்டால் அவரைப் பார் என்றார்கள், அவரைக் கேட்டால் இவரைப் பார் என்றார்கள். கடைசியில் அம்சவேணியின் தம்பி ஸ்ரீனிவாசன், திருத்தணியில் நிலம் அளக்கிற ஆபீசில் சங்கிலி பிடிக்கிறவன், லீவு போட்டு வந்து அளந்து சொல்கிறேன் என்றான். ஏழுமலையானின் பேர் வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. அந்தப் பேரை முழுசாகக் கூப்பிடுகிற வீடும் கிடையாது. ஸ்ரீனிவாசன் எல்லாருக்கும் சீனாதான்.

அந்த நேரம் பார்த்தா வடக்கே சீனாக்காரனோடு சண்டை வர வேண்டும்? புத்தூர் சந்தைக்குப் போன வேதாச்சலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். ரேடியோவில் வடக்கு எல்லையில் போம்டிலா விழுந்துவிட்ட சேதி ஓடிக்கொண்டிருந்தது. கொல்லை விஷயம் என்னாச்சு என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ரேடியோவைக் காதிலேயே வாங்காத இந்த மகராசன் வாயைத் திறந்தான்.

"சீனா வரட்டும். எல்லை எங்கன்னு அவன் சொல்றதுதான் சரி. இந்த கவருமெண்டுக்கு அளக்கவே தெரியல. அவன் வந்தான்னா ஊட்லயே வெச்சிகினு நல்லா சோறு போட்டு அனுப்பப் போறேன்."

மப்டியில் ஒரு போலீஸ்காரர் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் வேதாச்சலம் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போய்விட்டான்.

அப்புறம் சண்டையும் நின்றது. வந்தவன் தானாக வந்தான், தானாகவே நிறுத்திக்கொண்டு திரும்பினான். பனிமலையில் கான்வாஸ் ஜோடு போட்டுப் பையன்களை நிறுத்தியது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வேர்க்கடலைக்காரனைப் பிடித்து வைக்க மட்டும் ஆள் இருந்தது. யுத்த நிதிக்கென்று புத்தூர்க் கூட்டத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் அம்சவேணி. அவள் புருஷன் தேசத் துரோகியாம். என்ன அநியாயம் இது.

மறுநாள் அவனைச் சித்தூரிலிருந்து தூரத்துப் பெரிய ஜெயிலுக்கு மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் திருத்தணிக்கு ஓடினாள். தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு சித்தூருக்குப் பஸ் ஏறினாள். சீனாவையே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அதற்குமேல் என்ன பேச்சு இருக்கிறது?

விசாரணை அதிகாரி நாகபூஷணத்தின் மேஜைமுன் அப்படித்தான் நிறுத்தினாள். "சார், இவன்தான் சீனா. என் கூடப் பொறந்தவன். எங்கூட்டுக்காரரு சொன்னது இவனத்தான். நல்லா பாத்துக்குங்க. இவனா சார் அவ்ளோ பெரிய மலைய தாண்டி வந்தான்?"

நாகபூஷணம் தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். முதலில் சிரித்தார். அறை ஓரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தாவும் சிரித்தான். அம்சவேணிக்கு உயிர் வந்தது.

"எனக்குப் புரியுதும்மா," என்றார் நாகபூஷணம். சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா ஆர்டர் ஹைதராபாத் போயிடுச்சி. சண்டை நேரத்துல கவர்மெண்ட் தப்பு பண்ணாது."

"சண்டதான் முடிஞ்சி பூடுச்சே சார்."

"சட்டம் முடியலயேம்மா."

"அப்போ இவன் சொல்றத எழுதிக்குங்க சார். எழுதி அனுப்பிச்சா படிக்கமாட்டாங்களா?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தணித்தார். "எழுதினா என்ன ஆவும் தெரியுமா? உன் தம்பி அந்த ராஜ்யத்து ஆபீஸ் ஆளு. எல்லைய மாத்திக் காட்ட இந்தப் பக்கம் வர இருந்தான், உன் புருஷன் வீட்ல தங்க வெக்க இருந்தான். இப்டித்தான் மேல படிப்பாங்க. ஒருத்தர் சொன்னா அது பேச்சு, ரெண்டு பேர் சேர்ந்தா சதி. உன் புருஷன் வரமாட்டாரு. இவனும் உள்ள போவான்."

"நான் உள்ள இருக்கறேன்க்கா," என்றான் சீனா. "மாமாவ வுடச் சொல்லு."

"தம்பி, இங்க ஒருத்தர வெச்சிட்டு ஒருத்தர விடறதில்ல," என்றார் நாகபூஷணம்.

அம்சவேணிக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும்போல இருந்தது. இந்த ஆளுக்கு உண்மை தெரிகிறது, குமாஸ்தாவுக்குத் தெரிகிறது, எல்லாருமாகச் சிரித்தும் ஆகிவிட்டது. தெரிந்து என்ன புண்ணியம்? தம்பியைப் பார்த்தாள். அவனுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. வீட்டில் முழுகாமல் இருக்கிறவளிடம் சாயங்காலம் வந்துவிடுவான் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நாகபூஷணம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது குமாஸ்தா டைப் அடித்துக்கொள்ளும்படி சத்தமாகக் கேட்டார். "ஏம்மா, கூட வந்திருக்கிறது யாரு?"

வழி விடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த வழியில் ஒருத்தன்தான் போக முடியும் என்பதும் புரிந்தது.

"தொணைக்கு வந்தவன் சார். பஸ்ஸுல பழக்கம்."

"பேரு சீனாவா?"

"இல்ல சார்."

"அப்போ உன் புருஷன் சொன்ன சீனா யாரு?"

டைப் சத்தம் நின்றது. குமாஸ்தா விரலை எடுக்காமல் அவள் வாயையே பார்த்தான். அவளும் கைவிரித்துவிட்டால் கட்டினவனுக்கு இனி சாட்சி கிடையாது.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள்.

டைப் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து படியிறங்கினாள். கேட்டில் துப்பாக்கியோடு நின்றவன் திரும்பிப் பார்த்தான். தம்பி இன்னும் கதவண்டையே அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட வாயெடுத்தவள், பேர் நாக்கு நுனிக்கு வந்ததும் சட்டென்று விழுங்கினாள்.

"ஏய்," என்றாள். "வாடா."