கழற்றக் கழற்ற

சலூன்காரருக்கு முதலில் நடுங்கியது வலது கைக் கட்டைவிரல். நாற்காலியில் இருந்தவர் தன் கழுத்தில் கத்தி நிற்கும்போதே கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். "என்னண்ணே, கை டான்ஸ் ஆடுது?" என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் போனவர் திரும்ப அந்தப் பக்கம் வரவில்லை.

நரம்பு டாக்டர், பார்க்கின்சன் என்றார். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன, அதனால்தான் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, டோபமைன் செய்கிற வேலையை ஒரு மாத்திரையை வைத்துச் செய்துபார்க்கலாம் என்றார். "பழக்கத்துல புதுசா ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்லணும். சூதாட்டம், கண்டதை வாங்குறது, விடாம சாப்பிடுறது, இப்படி ஏதாவது." ஒரு சீட்டுக்கட்டைக்கூடத் தொட்டிராத சலூன்காரர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

மாத்திரை வேலை செய்தது. அளவைக் கூட்டக் கூட்டக் கை பழையபடி ஆனது. கடையைச் சேர்ந்து நடத்தும் மனைவியின் தம்பி அசந்துபோனார். "மாமா, கை சும்மா கல்லு மாதிரி நிக்குது!"

அடுத்த மாதம் முடிவெட்டும் மெஷின் ஒன்று இடையிடையே நின்றது. சலூன்காரர் அதைக் கழற்றித் துடைத்து மாட்டினார், ஓடியது. ஓடுகிற இன்னொரு மெஷினையும் கழற்றினார். அதற்குப்பின் வீட்டு மின்விசிறி, சுவர்க்கடிகாரம், இஸ்திரிப்பெட்டி. மனைவிக்கு முதலில் பெருமையாக இருந்தது. கழற்றியவை கழற்றியபடியே கிடக்க ஆரம்பித்ததும் பெருமை போய், தினமும் திட்டு விழுந்தது. சாப்பாட்டு மேசை முழுக்க ஸ்குரூவும் ஸ்பிரிங்கும். அவற்றைப் பெரியது சிறியது என்று பிரித்து அடுக்குவார், கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார்.

"என்னங்க, இதுல அப்படி என்னதான் இருக்கு?"

அவருக்கே தெரியவில்லை. திருப்புளியை ஸ்குரூவின் தலையில் வைத்ததும் நெஞ்சு படபடக்கும். உள்ளே ஏதோ காத்திருக்கிறது, இதோ கிடைக்கப்போகிறது என்று இருக்கும். திறந்தால் தூசியும் ஒயரும்தான். ஏமாற்றமாகக்கூட இருக்காது, அதற்கு நேரமில்லை, அதற்குள் கண் அடுத்த ஸ்குரூவுக்குப் போயிருக்கும்.

கடையிலும் அதே கதைதான். ஒருநாள் முகம் நிறைய நுரையோடு ஒருவர் தலையைச் சாய்த்துக் காத்திருக்க, இவர் மூலையில் ரேடியோவைப் பிளந்துகொண்டிருந்தார்.

"மாமா, அந்தாளு மூஞ்சில நுரை காயுது."

"காயட்டும். நீ போய்ப் பாரு."

அதுவரை அவர் அப்படிப் பேசியதே இல்லை. மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

மனைவிக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தைகள் காப்பகத்தில் வேலை என்பதால் காது மெஷின் இல்லாமல் அவளால் ஒரு நிமிஷம் தள்ள முடியாது. குளிக்கும்போது மட்டும் கழற்றி மேசைமேல் வைப்பாள். ஒரு காலை, டீயைக் கையில் வைத்துக்கொண்டு சலூன்காரர் அதைப் பார்த்தார். பார்க்கக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். எழுந்து வாசல்வரை போனார். திரும்பி வந்தார். அவ்வளவு சின்னப் பொருளுக்குள் என்ன இருக்கும்? ஊசிமுனையை மூடியின் இடுக்கில் விட்டார்.

தலையில் துண்டோடு மனைவி வந்தபோது மெஷின் மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் நெம்பிய நெம்பலில் உள்ளே இருந்த மெல்லிய தகடு உடைந்திருந்தது. மனைவி அதையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மதியமே திரும்பி வந்தாள். காப்பகத்தில் ஒரு குழந்தை குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு கதறியிருக்கிறது. பக்கத்திலேயே நின்றிருந்தும் இவளுக்குக் கேட்கவில்லை. வேறொருத்தி ஓடிவந்து திறந்தாளாம்.

"என் முதுகுக்குப் பின்னாலதான் அழுதுச்சு," என்றாள். தன் குரலே கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "என் முதுகுக்குப் பின்னால! கிளம்புங்க டாக்டர்கிட்ட!"

டாக்டர் முன்னால் சலூன்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவிக்கும் புரியட்டும் என்று டாக்டர் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, உரக்கப் பேசினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சேர்ந்து பாடம் கேட்டார்கள்.

"கைக்குன்னு குடுக்குற மாத்திரை கையோட நிக்காதும்மா! மூளைல ஆசையைக் கிளப்பிவிடுற இடத்துக்கும் போகும்! டோபமைன்னா சந்தோஷம்னு சொல்வாங்க, அது அவ்வளவு சரியில்ல! சந்தோஷம் அங்க இருக்கு, போ போன்னு பிடிச்சுத் தள்ளுறதுதான் அது! போன இடத்துல திருப்தி கிடைக்கணும்னு அவசியமில்ல!"

"அதான் டாக்டர்," என்றார் சலூன்காரர். "திறந்தா ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் திறக்கணும்."

"அப்போ இத்தனை நாளா நான் இவரை வாய்க்கு வந்தபடி திட்டினது?" மனைவி கத்தினாள்.

"மாத்திரையைத் திட்டியிருக்கணும்!" என்ற டாக்டர் சலூன்காரர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், இதை முன்னாடியே சொல்லல?"

சலூன்காரர் தன் கையைப் பார்த்தார். "சொன்னா குறைச்சிருவீங்க. கை போயிரும்."

டாக்டர் மறுக்கவில்லை. ஒரேயடியாக நிறுத்த முடியாது, படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாறலாம், நடுக்கம் ஓரளவு திரும்பி வரும் என்றார்.

குறைத்த வாரங்களில் வீடு வீடாக இல்லை. சலூன்காரர் உட்காருவார், எழுவார், சட்டை வியர்த்து முதுகில் ஒட்டும். மனைவி திருப்புளிகளையெல்லாம் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அவர் அங்கேயும் போய் நின்றார். "ஒண்ணே ஒண்ணு குடு மச்சான். பழைய டார்ச் லைட்டு போதும். தொட்டுட்டுத் தந்துர்றேன்." மச்சான் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே நின்று அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது மாமா படியிலேயே உட்கார்ந்திருந்தார். இருவரும் தெருமுனைவரை நடந்தார்கள், திரும்ப நடந்தார்கள், இருட்டும்வரை நடந்தார்கள்.

கழற்றிப் பார்க்கும் அரிப்பு மெல்லத் தணிந்தது. நடுக்கம் வந்தது. ஒருநாள் காலை ஒருவரின் காதோரம் கத்தி பட்டு ஒரு பொட்டு ரத்தம் வந்தது. சலூன்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பழைய அளவு மாத்திரையில் மிச்சம் இருந்த ஒரு அட்டை அங்கே கிடந்தது. இரண்டு போட்டால் மத்தியானத்துக்குள் கை நிற்கும். ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தார். நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு எது என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

மச்சானைக் கூப்பிட்டு மாத்திரையையும் அட்டையையும் நீட்டினார். "இது என்கிட்ட இருக்கக்கூடாது. எங்கே போடுறேன்னும் சொல்லாத."

அதோடு சவரம் முழுக்க மச்சானிடம் போனது. சலூன்காரர் காலையில், மருந்து கை கொடுக்கும் நேரத்தில், முடி மட்டும் வெட்டுகிறார். பழையவர்கள் சிலர் வருகிறார்கள், சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் வாசலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே தெருவைப் பார்ப்பார். உட்கார முடியாதபோது எழுந்து, தரையில் கிடக்கும் முடியைக் கூட்டுவார்.

"மாமா, இப்பதானே கூட்டினீங்க?"

"கூட்டுறேன் விடு," என்பார்.