ஒரு சாண் தூக்கிப் பார்த்தாள்

கிரேன் கோபுரத்தின் மூன்றாவது ஏணியில் பயம் வந்தது.

வரும் என்று அவளுக்குத் தெரியும். கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஓடாமல் பார்த்தாள். ஏணி ஆடவில்லை. கையுறை வழுக்கவில்லை. இடுப்புப் பட்டையின் கொக்கி மாட்டிய இடத்தில் இருந்தது. கீழே கம்பிக் கட்டுகள், சிமென்ட் மூட்டைகள், எஞ்சினியரின் வெள்ளைத் தலைக்கவசம். பயம் இருந்தது, பயப்பட ஒன்றும் இல்லை.

ஏறினாள். இன்னும் நான்கு ஏணி.

காலையில் கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "முடியலன்னா இறங்கி வந்துரு" என்றான்.

"முடியலயா, வெறும் பயமான்னு பாத்துட்டு இறங்குறேன்" என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன் அப்படிப் பார்க்க முடியவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் சுமை இறங்கும்போது கிரேன் கேபினிலிருந்து எதுவும் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரன் வாக்கிடாக்கியில் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கு, இறக்கு, இறக்கு. குரல் நின்றால் கிரேனும் நிற்க வேண்டும். அன்றைக்கு அவனுடைய வாக்கிடாக்கியில் சார்ஜ் போனது. குரல் நின்றது. அவள் நிறுத்தினாள். வேறு வாக்கிடாக்கியில் குரல் வந்த பிறகும் அவள் கை லீவரைத் தள்ளவில்லை. காது அடைத்து, சட்டை தொப்பலாக நனைந்து, நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் ஏறிப்போய் அவளை இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

இன்றைக்கு எஞ்சினியர் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். இரண்டு சுமை. இரண்டையும் முடித்தால் கேபின் அவளுடையது. இல்லாவிட்டால் மாற்று ஆபரேட்டருக்கு. அந்த ஆளுக்குச் சுருட்டை முடி, பெயரும் சுருட்டைதான். விடிந்ததுமே வந்து கேட் பக்கம் நாற்காலி போட்டு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கேபினில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள்.

"அண்ணி, கேக்குதா?"

சிக்னல்காரன் அவளுடைய கொழுந்தன்தான்.

"கேக்குது. சார்ஜ் போட்டியா?"

"போட்டேன். இடுப்புல இன்னொண்ணும் இருக்கு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி கனத்துப்போய் நிக்கிறேன்."

"வாய மூடு. இல்ல, மூடாத. பேசிக்கிட்டே இரு."

முதல் சுமை கம்பிக் கட்டு. கட்டடத்தின் பின்பக்கம் போக வேண்டும். கட்டு கூரை விளிம்பைத் தாண்டியது, கண்ணிலிருந்து மறைந்தது. இனி அவனுடைய குரல்தான் அவளுக்குக் கண்.

"இறக்கு, இறக்கு, இறக்கு, இற..."

நின்றது.

அவள் நிறுத்தினாள். உள்ளங்கை வேர்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பழைய சனியன் முதுகில் ஏறி உட்கார்ந்தது. உட்காரட்டும் என்று விட்டாள். எடை காட்டும் முள் அசையாமல் நின்றது. கம்பிவடம் நேராகத் தொங்கியது. சுமை எங்கும் போகாது, நேரம் இருக்கிறது.

"அண்ணி, ஸாரி. ஈ. வாய்க்குள்ள போயிருச்சு."

"முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்."

"அப்ப மதியச் சாப்பாட்டைக் குறைச்சுக்க. சொல்லு."

"இறக்கு, இறக்கு, இறக்கு... நிறுத்து. உக்காந்திருச்சு."

கை சொன்ன பேச்சைக் கேட்டது.

இரண்டாவது சுமை, சுவர் வார்க்கும் அச்சுப் பலகை. ஆறு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டும். கீழே கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் நெஞ்சு அடித்தது.

இது எது? நெஞ்சுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஈ விழுங்கினாலும் அதே அடி, இடி விழுந்தாலும் அதே அடி. காலையில் செய்ததையே செய்தாள். பார்த்தாள். மீட்டரில் காற்றின் வேகம் நொடிக்கு ஒன்பது மீட்டர். பன்னிரண்டு வரை தூக்கலாம் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கிரேனின் நீளக்கை நுனியில் கட்டியிருந்த துணி விறைத்து நின்றது, தொய்ந்தது, சட்டென்று மறுபக்கம் விறைத்தது. காற்று முடிவில்லாமல் மாறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் சுவர் மறைவில் நின்றான். அவனுடைய சட்டை நுனிகூட அசையவில்லை.

ஏணியில் பார்க்கப் பார்க்கப் பயம் இறங்கியது. இங்கே பார்க்கப் பார்க்க ஏறியது.

எஞ்சினியர் கொழுந்தனிடமிருந்து ஒரு வாக்கிடாக்கியை வாங்கினார். "என்னம்மா, ஏன் நிக்குது?"

"காத்து சரியில்ல சார்."

"மீட்டர் ஒன்பதுதான காட்டுது?"

"அது கம்பிக் கட்டுக்குச் சரி. இது கப்பல் பாய் மாதிரி, காத்தப் பிடிக்கும்."

எஞ்சினியர் நிமிர்ந்து கேபினைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே நின்ற பதினைந்து பேரும் அதையேதான் நினைப்பார்கள். சுருட்டை டீ டம்ளரைக் கீழே வைப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் எஞ்சினியர்.

தூக்கிக் காட்டிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம்தான் அவளுக்கு நிஜமாகப் பயமாக இருந்தது.

"ஒரு சாண் தூக்குறேன் சார். தூக்கி நிறுத்துறேன். நீங்களே பாருங்க. தம்பி, பலகை ஆடாமப் பிடிக்கிற கயித்துக்கு ரெண்டு பேர விடு. மத்தவங்க தள்ளிப் போகட்டும்."

தூக்கினாள். பலகை தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. இரண்டு பேர் இரண்டு முனையிலும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பத்து எண்ணினாள். எஞ்சினியர் கையை விரித்தார்.

பதினாலு எண்ணும்போது காற்று வந்தது. பலகை வாசற்கதவு மாதிரித் திரும்பியது. ஒருவன் கயிற்றை விட்டான். இன்னொருவன் விடாமல் நாலு எட்டு ஓடி, தலைக்கவசம் கழன்று உருள, மணல் குவியலில் குப்புற விழுந்தான். அவள் பலகையை இறக்கினாள். தூசி அடங்கியது. விழுந்தவன் எழுந்து மணலைத் துப்பினான்.

"கயித்துல இன்னும் நாலு பேர விடலாம்" என்றார் எஞ்சினியர். குரலில் வேகம் இல்லை.

"நாலு பேரும் பறப்பாங்க சார்."

"அன்னைக்கு நீங்க..."

"அன்னைக்கு எதுக்குப் பயந்தேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்குத் தெரியுது."

எஞ்சினியர் கேட் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "யோவ் சுருட்டை, நீ ஏறுறியா?"

சுருட்டை பலகையைப் பார்த்தார். மணல் துப்புகிறவனைப் பார்த்தார். "இந்த நாற்காலியே நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்.

யாரோ சிரித்தார்கள். எஞ்சினியர் சிரிக்கவில்லை. கான்கிரீட் லாரிக்காரருக்குப் போன் போட்டு, தள்ளி வைக்கச் சொல்லி, திட்டு வாங்கினார். பிறகு வாக்கிடாக்கியை மறுபடி எடுத்தார்.

"நாளைக்கு?"

"காலைல ஆறு மணிக்குக் காத்து படுத்திருக்கும் சார். ஆறேகாலுக்குப் பலகை மேல நிக்கும். நிக்கலன்னா ஏன்னு சொல்லுவேன்."

"சரி. சுருட்டைய எத்தனை மணிக்கு வரச் சொல்ல?"

"அவரு தூங்கட்டும் சார்."