அடித்த வரியையும் வாசிக்கும் குரல்

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்து முறைக்க வேண்டாம்.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பது அக்காதான். இப்போது விழித்திரை ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சொன்னபடி குப்புறவே படுத்துக்கிடக்கிறாள். அதனால் படிப்பதில்லை, கேட்கிறாள். தலையணைக்குப் பக்கத்தில் ஃபோன்; அதிலிருக்கும் வாசிப்புச் செயலி வாசித்துக்காட்டும். [கொலையையும் கல்யாணத்தையும் ஒரே சுருதியில் வாசிக்கிற குரல்.]

2

முதல் தொடக்கம்: 'ஒரு ஊரில் கண் தெரியாத ராணி...' சீ!

அடுத்தது: 'கட்டிலில் கிடந்தவளுக்கு' (இதற்கு மேல் வண்டி நகரவில்லை.)

மூன்றாவது: 'பார்வை திரும்புமா என்று அவளிடம் யாருமே பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.'

மூன்றின் மேலும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அழிக்கவில்லை. அடித்த வரி தெரிவதுதானே இந்த மாதிரிக் கதைக்கு அழகு? அப்படியே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

கோடெல்லாம் கண்ணுக்குத்தான். குரலுக்கு ஏது கோடு?

3

நான் டீ கொண்டுபோனபோது ஃபோன் குரல் மூன்றாவது வரியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. சத்தமாக, நிதானமாக. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். நான் ஃபோனைப் பிடுங்கப் பாய்ந்தேன்.

"கை வைக்காதடா!" தலையணைக்குள்ளிருந்து அக்கா. "இன்னொரு தடவ ஓடட்டும்."

"அது அடிச்ச வரிக்கா..."

"அந்த ராணியும் அடிச்சதுதானே? அதையும் கேட்டேன். கண்றாவி."

"இவன் ஒரு லூசு. நீ மனசுல வச்சுக்காதடி," என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. ஆபரேஷன்லேருந்து எல்லாரும் என்கிட்ட வெயில், மழைன்னே பேசிக்கிட்டிருக்கீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அப்பாடா! சொல்லிட்டேன்."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும்தான்டி," என்றாள். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. ஆறிப்போன டீயை அக்கா ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாள்.

4

அக்கா கண்ணிலிருக்கும் கட்டை அவிழ்க்கப்போகும் நாளுக்கு இரண்டு முடிவு எழுதினேன்.

'கட்டை அவிழ்த்தார்கள். மங்கலாக, ஆனால் தெரிந்தது.'

'கட்டை அவிழ்த்தார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.'

"ரெண்டையும் அடிச்சுடு," என்றாள் அக்கா. "அழிச்சுடாத."

அடித்து, அனுப்பினேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அவள் தூங்கிப்போனாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவளுக்கு வந்த முதல் நல்ல தூக்கம். மெதுவாக ஃபோனை நிறுத்தினேன்.

கண்ணால் படிப்பவர்கள் அடித்ததைத் தாண்டிப்போகலாம். காதால் கேட்பவர்களே, உங்களுக்கு இரண்டும் வரும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் விரலில்.