பிதேனே விழுந்த வருஷம்

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்பது சந்தேகம்தான். வருஷம் 1927. அதில் பிசகு இல்லை, ஏனென்றால் ஞானசுந்தரத்தின் சொற்பொழிவே அந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. ஆனால் அன்று மழை பெய்ததா, சொர்ணம்மாள் வந்தது சனிக்கிழமையா அதற்கு முந்தின நாளா, மேஸ்திரி சொன்ன வார்த்தைகள் இவைதானா என்பதெல்லாம் பலர் வாய்வழியாக வந்து சேர்ந்தவை. சொன்னவர்களில் இருவர் ஒரே மாதிரி சொன்னதில்லை.

ஞானசுந்தரம் ரங்கூன் போட்டாதாங் துறையில் ஒரு அரிசிக் கிடங்கின் வாசல் ரைட்டர். நிறையப் படிப்பார், குறைவாகப் பேசுவார். வருஷத்துக்கு ஒரே ஒரு மாலை மட்டும் தமிழ்ச் சபையின் கூடத்தில் எழுந்து நின்று, சரியாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் உலகத்தில் என்ன நடந்தது என்று சொல்வார். இது அவராக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அந்த வருஷம் கிறிஸ்துவுக்குப் பின் இருபத்தேழாம் ஆண்டின் முறை.

கிடங்கு வாசலுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கூலிகள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவன் அரைஞாண் கயிற்றிலும் எண் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று தொங்கும். அதைத் தூக்கிக் காட்டுவான், ரைட்டர் எண்ணைச் சொல்வார், ஆள் உள்ளே போவான். ஒரு நாள் வில்லை வராவிட்டால் கூலிக்கு ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் காய்ச்சலில் கிடப்பவன் தன் வில்லையை இன்னொருவன் இடுப்பில் கட்டி அனுப்புவான். ஆள் படுத்தாலும் வில்லை நடக்க வேண்டும். இது துறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஞானசுந்தரம் பல வருஷமாக அந்த வாசலில் இடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகங்களுக்கு அவசியம் இருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துறையின் மரப்பாலம் மூட்டைகளோடும் ஆட்களோடும் ஆற்றில் இறங்கிவிட்டது. வாசலில் இருந்தவருக்குச் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். ஞானசுந்தரம் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். எதற்காக உட்கார்ந்தோம் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.

செத்தவர்களை உடன் வேலை செய்தவர்கள் முகம் பார்த்து அடையாளம் சொன்னார்கள். ஒருவன் மட்டும் வெகுதூரம் கீழே போய், இரண்டு நாள் கழித்து, முகம் உத்தரத்தில் நசுங்கி உடல் ஊதிக் கிடைத்தான். இடுப்பில் சபாபதி என்ற கூலியின் வில்லை இருந்தது. சபாபதியையும் காணவில்லை. விஷயம் முடிந்தது என்று துறையில் எல்லோரும் நினைத்தார்கள், சபாபதியின் மனைவி சொர்ணம்மாளைத் தவிர. அது அவர் இல்லை என்று அவள் சவக்கிடங்கின் வாசலிலேயே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை துறைமுக அதிகாரி விசாரித்து முடிவு சொல்வார் என்று ஏற்பாடாயிற்று.

சனிக்கிழமை பிற்பகல் அவள் ஊருக்கு வெளியே தின்கன்ஜூன் பகுதியில் இருந்த ரைட்டர் வீட்டைத் தேடி நடந்தே வந்தாள். கதவைத் திறந்தது அவர் மனைவி ஜூடித்.

"ரைட்டரய்யா இருக்காங்களாம்மா?"

"இருக்காரு. உடம்பு மட்டும்தான் இங்க. ஆளு ரோமாபுரிக்குப் போயிருக்காரு, சாயங்காலம் பிரசங்கம்" என்றவள், வந்தவளின் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டாள். "உள்ள வா. வெயில்ல நிக்காத."

சொர்ணம்மாள் நிலைப்படியைத் தாண்டவில்லை. ஞானசுந்தரம் எழுந்து வந்தார்.

"ஒரே கேள்விங்கய்யா. செவ்வாக்கெழம காலையில எங்க வீட்டுக்காரரு வாசல்ல நொழஞ்சாரா? நீங்க பாத்தீங்களா?"

"வில்லை வந்துச்சு."

"வில்லையக் கேக்கலீங்க."

ஜூடித் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கூலி லயத்துப் பொம்பளைங்க மஞ்சளும் பூவும் வாங்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றாள் சொர்ணம்மாள். "தாலிய எறக்கு, எறக்குன்னு ஒரே பாட்டு. மேஸ்திரி வந்து, ரைட்டரே கண்ணால பாத்திருக்காரு, இன்னும் என்னடீங்கறாரு. நீங்க பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தக் கையாலயே கழட்டிடறேன். பாக்கலேன்னா அதையும் சொல்லிடுங்க."

"அவன் இல்லேன்னு ஏன் நெனைக்கிற?"

"மொத நாளு எங்களுக்குள்ள சண்டைங்க. இனிமே உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்னுட்டுப் போனாரு. ரோசக்காரரு. அப்படிப் போனவரு விடிஞ்சதும் மூட்ட தூக்கவா வந்திருப்பாரு?"

"எல்லா ஆம்பளையும் சொல்றதுதான்" என்றாள் ஜூடித். "சோத்து நேரத்துக்கு வந்து நிப்பாங்க."

"அதுக்கும் வரலியேம்மா."

ஞானசுந்தரம் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். வரிசை வந்தது, கயிறுகள் வந்தன, எண்கள் வந்தன. சபாபதியின் எண் வந்த இடத்தில் ஈரமான ஒரு லுங்கிக் கட்டு வந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. "திங்கக்கெழம சொல்றேன்" என்றார்.

"அதுவரைக்கும் நான் யாருங்கய்யா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவள் போனாள்.

மாலையில் கூடத்து வாசலில் பழனியப்பன் மேஸ்திரி காத்திருந்தார். பட்டுத் துண்டு, வெற்றிலை வாய்.

"ரைட்டரு, திங்கக்கெழம ஒரே வார்த்தை. பாத்தேன். அவ்வளவுதான். பாக்காம உள்ள வுட்டேன்னு சொன்னீரோ, தொரை மொதல்ல உம்ம நாக்காலியத்தான் இழுப்பான்."

"அது யாரு, மேஸ்திரி?"

"எது?"

"சவக்கிடங்குல இருக்கறது."

மேஸ்திரி ஓரமாகத் துப்பினார். "யாரோ ஒருத்தன். கப்பலுக்குக் கப்பல் வந்து எறங்குறானுவ. பேரு கேட்டுக்கிட்டிருந்தா மூட்ட நகருமா? செத்தவனுக்கு ஒரு பேரு வேணும், வில்லையில ஒரு பேரு இருக்கு. பொருத்திட்டுப் போவீரா, ஆராய்ச்சி பண்றீரு!"

"அந்தப் பொம்பளை?"

"சபாபதி இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துட்டா?"

கூடத்தில் கூட்டம் அதிகமில்லை. முன்வரிசையில் கிடங்கின் எடைக்கணக்கர் பர்கத்துல்லா உட்கார்ந்திருந்தார்.

"பாய், நீங்களுமா?" என்றாள் ஜூடித்.

"ரோம் ராஜா இருந்தாலும் செத்தாலும் இங்க டீ உண்டுல்லம்மா. அதான்."

ஞானசுந்தரம் தொடங்கினார். திபேரியு ராயன் ரோமாபுரியை விட்டு ஒரு தீவில் போய்க் குடியேறியதைச் சொன்னார். அவர் பிறகு நகரத்துக்குள் கால் வைக்கவே இல்லை. சீனத்தில் புருவத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிய கலகக்காரர்கள் அதே வருஷம் புதிய சக்கரவர்த்தியிடம் சரணடைந்ததைச் சொன்னார்.

"லத்தா சீனங்க கடைத்தெருவுல போய்ச் சொன்னீங்கன்னா சண்டைக்கு வருவாங்க" என்றார் பர்கத்துல்லா. சிலர் சிரித்தார்கள்.

பிறகு பிதேனே. ரோமாபுரிக்குப் பக்கத்து ஊர். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் ஆதாயத்துக்காக அங்கே ஒரு மர அரங்கு கட்டினான். கடைக்காலை உறுதியான மண்ணில் போடவில்லை, மரங்களைச் சரியாகப் பிணைக்கவில்லை. வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் ஏறினார்கள், அரங்கு மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. இந்தப் பகுதியை அவர் வீட்டில் பல முறை படித்திருந்தார், பாலம் விழுவதற்கு முன்பும் விழுந்த பின்பும். படிக்கும்போது ஒன்றும் ஆகவில்லை.

"மரங்களை அகற்றினதும் உறவினர்கள் ஓடிவந்து பிணங்களைக் கட்டிக்கொண்டார்கள்" என்றார். "முகம் சிதைந்திருந்ததால், உயரமும் வயதும் ஒத்துப்போன ஒரே உடலுக்கு இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டன."

அங்கே நின்றுவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். பின்வரிசையில் மேஸ்திரி கால் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் எப்படிங்க முடிவு பண்ணாங்க, யாரு யாருன்னு?" என்றார் பர்கத்துல்லா.

"அதை எழுதி வைக்கலை, பாய்."

"யாராச்சும் சொல்லியிருப்பாங்கல்ல?"

"பார்த்தவங்க சொல்லியிருக்கணும்" என்றார் ஞானசுந்தரம். அரங்கு கட்டினவனை நாடு கடத்தியது, ரோமாபுரிக் குன்றொன்றின் மேல் பிடித்த தீ, புதிதாகப் போட்ட சட்டம் எல்லாம் பாக்கி இருந்தன. அவர் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஜூடித், "நான் உங்களுக்குப் புத்தி சொல்லல. ஆனா பாத்தேன்னு சொல்லிட்டு வந்தீங்கன்னா, அத வீட்டுல வந்து எங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

திங்கட்கிழமை அதிகாரி கேட்டார். ஒருவன் மொழிபெயர்த்தான். சபாபதி என்ற ஆள் அன்று காலை உள்ளே போனதைப் பார்த்தீரா?

"எண்ணைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை."

அன்று மட்டுமா?

"என்றைக்கும் பார்த்ததில்லை."

மொழிபெயர்த்தவன் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் அதைச் சொன்னான். பழனியப்பன் மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுவரோரம் நின்ற சொர்ணம்மாள் அழவில்லை, கும்பிடவில்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். ஏதாவது ஒன்று நெஞ்சில் அசையும் என்று ஞானசுந்தரம் எதிர்பார்த்திருந்தார். காலையில் டீ குடிக்கவில்லை என்பதுதான் ஞாபகம் வந்தது.

பிணத்தை முனிசிபாலிட்டி பெயரில்லாமல் புதைத்தது. மேஸ்திரி வேறொரு துறைக்குப் போய் அங்கேயும் ஆள் பிடித்தார், கடைசிவரை நன்றாகவே இருந்தார். ஞானசுந்தரத்தை வாசலிலிருந்து எடுத்துப் பின்கட்டில் கோணி எண்ணப் போட்டார்கள். இருபத்தெட்டாம் ஆண்டைப் பற்றி அவர் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. சில வருஷத்தில் மூச்சு வியாதியில் இறந்தார். ஜூடித் திருநெல்வேலியில் தம்பி வீட்டுக்குப் போனாள். பர்கத்துல்லா ரங்கூனிலேயே இருந்தார். சொர்ணம்மாள் தாலியைக் கழற்றவில்லை, லயத்துப் பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். சபாபதி மோல்மேன் என்ற துறைமுக ஊரில் ஒரு மர அறுப்பு ஆலையில் இருந்தான். மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் திரும்பி வந்தான். அவள் சோறு போட்டாள், எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. வில்லையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வேலை இல்லை என்று சொன்னான், கொடுத்துவிட்டேன், பெயர் கேட்கவில்லை என்றான் சபாபதி.