கரடி மணி

மலைக்குப் போவதென்றால் என் வீட்டுக்காரர் கென்சாகு முந்தின நாளே கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூங்கில் குருத்து பறித்துவிட்டு மதியமே திரும்பப் போகிறவருக்கு மழைச்சட்டை, தலைவிளக்கு, ஊதல், வரைபடம், கட்டுத்துணி, இரண்டு வேளைக்குக் கூடுதலாகச் சோற்று உருண்டை. அங்கேயே குடியேறப் போகிறீரா என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல், நடக்க நடக்க ஒலிக்கும்படி பையில் தொங்கவிடும் கரடி மணியைத் துடைப்பார். மற்றதெல்லாம் ஆபத்து வந்தபின் உதவுவது, இது ஒன்றுதான் வராமலே தடுப்பது என்பார். ஆள் வரும் சத்தம் கேட்டால் கரடி தானே விலகிவிடும்.

ஜூன் மாதம் அவரைக் கரடி அடித்துவிட்டது. மீட்புக் குழு கொண்டுவந்த பையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதில் தொங்கிய மணி மட்டும் பூட்டிக் கிடந்தது. பேருந்தில் பிறருக்குத் தொந்தரவு என்றால் மணியின் நாக்கை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இறங்கியதும் திறந்துவிட வேண்டும். இவ்வளவு பார்க்கிற மனுஷன் அதையா மறப்பார்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவரோடு சண்டை போட்டபடியே மணியை அவர் படத்தருகே, பூக்களுக்குப் பின்னால் அப்படியே வைத்தேன். யாரையும் தொடவிடவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து உறவினர்கள் போனபின், முதுகில் குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் மிஹோ என்றாள். ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டவள் எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு அதே பஸ்லதான்மா நானும் வந்தேன். ராத்திரி பூரா அழுதுட்டு இவன் அப்பத்தான் கண்ணசந்தான். மணிய கொஞ்சம் நிறுத்திக்கிறீங்களான்னு நான்தான் கேட்டேன்.”

அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாராம். உடனே பூட்டினாராம். இறங்கும்போதும் குழந்தை விழித்துவிடக் கூடாதென்று பூனைபோல் அடியெடுத்து வைத்தாராம். அது அவரேதான்.

“அப்புறம் அவரு மணிய தொறந்துட்டாராம்மா? அத மட்டும் சொல்லுங்க.”

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். நான் மட்டும் ஏன் வேக வேண்டும்? அவள் இடுப்போரம் குழந்தையின் கால் தொங்கியது. ஒரு காலில் காலுறை இல்லை.

தேநீர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து, அவள் தலைகுனிந்திருந்தபோது மணியையும் கைக்குள் பொத்திக்கொண்டு போனேன். அடுப்படியில் பூட்டைத் தள்ளி நாக்கை விடுவித்தேன். திரும்பி வந்து அவள்முன் ஆட்டிக் காட்டினேன்.

“தொறந்துதான் இருந்துச்சு, நீயே பாரு. சில கரடி மணிக்கும் அடங்காது. நீ ஒண்ணும் பண்ணலம்மா.”

குழந்தை விழித்து வீரிட்டது. மிஹோ பாயில் நெற்றியை வைத்து அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் போனபின் மணியை மடியில் வைத்துக்கொண்டேன். நான் திறக்கும்வரை அந்தப் பூட்டைக் கடைசியாகத் தொட்டிருந்தது அவர் விரல். நாக்கை இழுத்து மறுபடி பூட்டிப் பார்த்தேன். பூட்டிக்கொண்டது. ஆனால் இது நான் பூட்டியது.