வாசல் சீமைப்பலா

வைரேயாவுக்கு அன்று காலை எங்கேயும் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்குப் போனாள், வாசலில் நின்றால் அடுப்பு நினைவு வந்தது. சில வாரங்களாகவே இதே கூத்துதான். பசிபிக் கடலில் உள்ள தாஹா தீவின் கடலோரத்தில் அவள் பிறந்து வளர்ந்து நரைத்த வீடு, கொல்லையில் அம்மாவின் கல்லறையோடு சேர்த்து, இன்று ஒரு துண்டுச் சீட்டில் யாருக்கு விழுமோ!

நிலம் தாத்தாவின் பெயரில் இருந்தது. அவருடைய மூன்று பிள்ளைகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோர்ட்டு தலைக்கணக்குப் பார்க்கவில்லை, கிளைக்கணக்குதான் பார்த்தது. மூத்தவளின் ஒரே மகள் வைரேயாவுக்கு ஒரு பங்கு. இளையவளின் ஒரே மகன் புனுவாவுக்கு ஒரு பங்கு. மாமாவின் பிள்ளைகள், பேரன், பேத்தி என்று தலைநகர் பப்பேத்தேயில் ஒரு பட்டாளமே இருக்கிறது, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பங்கு. கடலோரம், நடு, மலையடி என்று மதிப்புச் சமமாக நிலத்தை வெட்டியாயிற்று. யாருக்கு எது என்பது குலுக்கலில்.

குடியிருப்பவள் என்று சொல்லிக் கடலோரத்தைத் தனக்கே கேட்டு அவள் முன்பே மனுப் போட்டிருக்கலாம். வக்கீல் எவ்வளவோ சொன்னார். "என் வீட்ட எனக்கே குடுங்கன்னு நான் கெஞ்சணுமா?" என்று விறைத்துக்கொண்டாள். அவளுக்கு வாய்தான் எப்போதும் சத்துரு.

அவளும் புனுவாவும் அந்த வீட்டில் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். ஊர் வழக்கப்படி இருவருடைய நஞ்சுக்கொடியையும் வாசலில் புதைத்து, மேலே ஆளுக்கொரு சீமைப்பலாக் கன்று நட்டார் தாத்தா. எது யாருடையது என்று சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். பிறகு ஒரு புயல் வந்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டது. நிற்பது தன்னுடையது என்று வைரேயா பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவருகிறாள். "உன் மரம் போச்சு, அதான் உனக்கு ஒரு எடத்துல கால் தரிக்கல" என்று புனுவாவைச் சீண்டுவாள். அவனும் இருபது வயதில் நியூ கலிடோனியா சுரங்கத்துக்குப் போனான், பிறகு கப்பல், பிறகு எங்கெங்கோ. பங்குக்காகத்தான் இப்போது திரும்பியிருந்தான்.

ஊர் மண்டபத்தில், பாகப்பிரிவினைக்காகப் படகில் வந்திருந்த நோட்டரி தன் ஓலைத்தொப்பியைக் கழற்றிச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். மலையடி பட்டாளத்துக்குப் போனது. கடலோரம் புனுவாவுக்கு. நடுத்துண்டு வைரேயாவுக்கு.

"ரெண்டு பேரும் சம்மதிச்சா மாத்திக்கலாம்," என்றார் நோட்டரி. "ஆனா நான் போட் ஏறறதுக்குள்ள வந்து சொல்லிடுங்க."

புனுவா அதற்குள் வீட்டுப் பக்கம் பாதி வழி போய்விட்டான். அவள் மூச்சிரைக்கத் துரத்தினாள்.

"நில்லுடா! மாத்திக்கலாம்டா. நடுத்துண்டுல வெனிலா நல்லா வரும்."

"வெனிலாவ நான் எங்கக்கா பாக்கப்போறேன்? அடுத்த மாசம் கெளம்பிடுவேன்."

"அப்ப கடலோரம் மட்டும் உனக்கு எதுக்கு?"

"வேணாம், நீயே வெச்சுக்கோ. மாத்திக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லு, அந்த மரம் யாருது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்லக்கா. கடைசியா பெரியம்மா பக்கத்துல நீதான இருந்தே. ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல?"

அம்மா கடைசியில் தண்ணீர்தான் கேட்டாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும், எந்தப் பதிலுக்கு வீடு கிடைக்கும் என்று வைரேயாவுக்குப் புரிந்துவிட்டது. ஆயுசு முழுக்கச் சொன்னதை விழுங்குவது வேப்பெண்ணெய் குடிப்பது போல இருந்தது.

"உன்னுதுதான்டா. அம்மா சொன்னாங்க. போனது என் மரம்."

வீடு வந்திருந்தது. புனுவா பையை வாசலில் போட்டுவிட்டு மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் கண் கடல் பக்கமே ஓடியது.

"சரி வாடா, போட் போயிடும்."

"எதுக்கு?"

"மாத்திக்கிட்டோம்னு சொல்லத்தான்!"

"என்னக்கா பேசற? என் கொடி கெடக்கற மண்ண நான் மாத்துவேனா?"

"இப்பதானடா மாத்திக்கறேன்னே!"

"அப்ப எனக்கு இங்க ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

"டேய், நான் பொய் சொன்னேன்டா! அம்மா ஒண்ணுமே சொல்லல!"

புனுவா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "விடுக்கா. இத்தன வருஷமா சொன்னியே, அதுதான் பொய்."

துறைமுகத்தில் படகு ஊதியது. அவன் மரத்தடியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"ஏன் நின்னுட்டே இருக்க? உக்காருக்கா," என்றான். "நம்ம வீடுதான். நீ பாட்டுக்கு இரு, உன்ன யாரு போகச் சொல்றா?"