ஆர்லீனுக்கு வாங்கிய துப்பாக்கி

எல்மர் ஹக்காலாவிடம் ஓர் இரும்பு அலமாரி நிறைய இரட்டைக் குழல் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இதுவரை ஒரு பறவையைப் பயமுறுத்தியதில்லை.

அத்தனையும் நகல்கள். அந்தக் காலத்தில் பேர்போன ஓர் அமெரிக்கப் பட்டறை என்றோ இழுத்து மூடப்பட்டது. அதன் துப்பாக்கியைப் பல வருடம் கழித்து ஜப்பானில் திருகாணி மாறாமல் அப்படியே செய்து அனுப்பினார்கள். அதுவும் கொஞ்ச காலம்தான். அசல் வைத்திருக்கிறவர்கள் நகலைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். நகல் சேர்க்கிறவர்களுக்கும் வீம்பு உண்டு. உங்களுடையது மழையிலும் சேற்றிலும் அடிபட்டது, எங்களுடையது பெட்டியிலிருந்து எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்பார்கள். பட்டறையில் சோதித்துச் சுட்டதோடு சரி. அதற்குமேல் ஒரு தோட்டா வெடித்தாலும் அவர்கள் கணக்கில் அது வெறும் துப்பாக்கி. வேட்டைத் துப்பாக்கியை வேட்டைக்கு எடுத்துப் போகாமல் இருப்பதில் இவ்வளவு கௌரவம் பார்க்கும் ஜாதியை வேறெங்கும் காண முடியாது.

அலமாரியில் இருந்த ஒரு துப்பாக்கி மட்டும் எல்மருடையது அல்ல, அவன் மனைவி ஆர்லீனுடையது. இருபத்தெட்டு போர் என்கிற சின்னக் குழல் அளவு, விரல் பருமனில் குழல்கள், பெண்ணின் கைக்கென்று குட்டையாக வெட்டிய, தோளில் பதியும் மரக்கட்டை. அந்த மாதிரி மிகச் சிலதான் செய்தார்கள் என்று கேள்வி. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவன் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வேட்டைக்குப் போலாம்" என்று குதித்தாள். "ஐயோ, இது அதுக்கில்லடி" என்றான் அவன். அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் அவள் வழக்கம்போலத் தன் பழைய, கனமான பம்ப் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கவுதாரி அடித்து வந்தாள். குறி பார்ப்பதில் அவன் அவளுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

இந்த அக்டோபரில் டாக்டர்கள் ஆர்லீனுக்கு இனி மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன விதத்திலேயே இருவருக்கும் புரிந்துவிட்டது. அந்த வாரம் மார்க்கெட் என்ற ஊரிலிருந்து க்ளைட் ட்ரெம்பாத் வந்திருந்தான். அவனும் நகல் சேர்க்கிறவன், எல்மருக்கு முப்பது வருடச் சிநேகிதன். மூவரும் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லீன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எல்மர், எனக்கு ஒரு தடவ கவுதாரிக்குப் போகணும்" என்றாள்.

"போலாமே. தாராளமா."

"பம்ப்பை நேத்து தூக்கிப் பாத்தேன். தோளுக்கே வரமாட்டேங்குது. என்னோடத எடுத்துட்டுப் போறேன்."

எல்மர் வாயைத் திறக்குமுன் க்ளைட் முந்திக்கொண்டான். "எதை? அந்த இருபத்தெட்டையா? ஆர்லீன், விளையாடாத. அது மாதிரி சுடாதது இந்தப் பக்கத்துலயே வேற இல்ல. என்னோட இருபது போர் தரேன். அதுவும் லேசுதான்."

"உன்னோடது எனக்கெதுக்குடா? எனக்குன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

"இருக்கு. அதுக்குன்னு..."

"க்ளைட், நான் செத்தப்புறம் அதை நீ வாங்கிக்கறதா இருக்கியா? உண்மையச் சொல்லு."

க்ளைட் காபியைப் பார்த்தான். நல்லவன்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு அவனிடம் பொய் தயாராக இல்லை. ஆர்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு இருமினாள். எல்மர் முதுகைத் தடவிவிட்டான். அவன் கையில் முதுகெலும்பு மணிமணியாக இடறியது.

"எடுத்துட்டுப் போலாம். உன்னுதுதானே" என்றான்.

மனப்பூர்வமாகத்தான் சொன்னான். அதைச் சொல்லியே ஆகவேண்டும். அன்று இரவு அலமாரியைத் திறந்து, துப்பாக்கியின் இரும்பில் நீலமும் மஞ்சளுமாக ஓடிய நிறங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றதும் அவன்தான். போகட்டும், ஒரு துப்பாக்கிதானே என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். பலமுறை சொல்ல வேண்டியிருந்ததே, அதிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பழைய பாதையில் வண்டியை நிறுத்தினார்கள். பாப்ளார் இலைகள் பாதிக்குமேல் கொட்டியிருந்தன. ஆர்லீன் ஒவ்வொரு மரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர்களுடைய நாய் டாலி முன்னால் ஓடுவதும் திரும்பி வந்து அவள் முழங்காலை முகர்வதுமாக இருந்தது. எல்மர் பின்னால் மடக்கு நாற்காலியைச் சுமந்து வந்தான். அவள் மூன்று தடவை அதில் உட்கார்ந்தாள். உட்காரும்போதெல்லாம் துப்பாக்கியை மடியில் படுக்க வைத்துக்கொண்டாள்.

"தூக்கறதே தெரியலடா" என்றாள். "இவ்வளவு லேசா இருக்கும்னு ஏன் சொல்லல?"

ஆல்டர் புதர் ஓரத்தில் டாலி சட்டென்று நின்றது. ஒரு முன்காலைத் தூக்கி, வாலை விறைத்து, அசையாமல் நின்றது. ஆர்லீன் மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தனியாக நான்கு எட்டு வைத்தாள். காட்டையே உதறுகிற சத்தத்தோடு கவுதாரி கிளம்பியது. கிளம்பியது பாதைக்கு நேராக, உயரவும் இல்லை, வளையவும் இல்லை. அதைவிட வசதியான பறவை யாருக்கும் கிடைக்காது. துப்பாக்கி அவள் தோளுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. நோயாளி எங்கே போனாளோ, அந்த ஒரு நொடி பழைய ஆர்லீன் அங்கே நின்றாள்.

எல்மர் பறவையைப் பார்க்கவில்லை. அவன் கண் முழுக்கத் துப்பாக்கியில் இருந்தது. விசைமேல் அவள் விரல் போனபோது, அவனை அறியாமல் பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது.

துப்பாக்கி வெடிக்கவில்லை. பறவை பாதை திரும்புகிற இடத்தில் மறைந்தது. டாலி திரும்பிப் பார்த்தது.

ஆர்லீன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏன் சுடல? நேரா போச்சே!"

"நீ சத்தம் போட்டியே."

"நானா?"

"பல்லு புடுங்கறப்ப போடுவியே, அந்தச் சத்தம்."

"சும்மா மூச்சு விட்டேன்டி. வா, இன்னொண்ணு கிளம்பும். இந்தத் தடவ நான் வண்டிக்குப் போயிடறேன். பாக்கவே மாட்டேன்."

"வேணாம் எல்மர்."

"ஆர்லீன், சுடு. அட மரத்தையாவது சுடு. கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபமாக இருந்தால்கூட அவனுக்குத் தேவலை போலிருந்திருக்கும். அவள் முகத்தில் அது இல்லை.

"இத்தன வருஷமா இதை எனக்கு வாங்கினதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "பரவால்ல விடு. வீட்டுக்குப் போலாம், குளுருது."

எல்மருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. வழியெல்லாம் பேசினான். நாளைக்கு வரலாம் என்றான், க்ளைடின் பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்றான். கடைசியில் அழுதான். அவள் அவன் தொடையில் கையை வைத்து, "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளே எண்ணெய்த் துணியை எடுத்துத் தன் விரல்பட்ட இடத்தையெல்லாம் துடைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வாசல்படி தாண்டவில்லை. தினமும் காலையில் அவன் கேட்பான், "இன்னிக்குப் போலாமா?" முதல் வாரம் "பாக்கலாம்" என்றாள். பிறகு தலையை மட்டும் அசைத்தாள். பிறகு அதுவும் இல்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகை கழிந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். மண் உறைந்து கல்லாகிக் கிடந்தது. பனி உருகிய பிறகுதான் குழி தோண்ட முடியும் என்றார்கள். வசந்தம்வரை அவளை மயானத்துக் கல் அறையில் வைத்தார்கள்.

இடையில் நிறுத்தியிருந்த கவுதாரி வேட்டைக்கு டிசம்பரில் மறுபடி அனுமதி கிடைத்தது. எல்மர் டாலியை வண்டியில் ஏற்றினான், இருபத்தெட்டையும் எடுத்துக்கொண்டான். அதே பாதை இப்போது முழங்கால் பனியில் கிடந்தது. கொஞ்ச தூரம் நடந்தான். பறவை எதுவும் கிளம்பவில்லை, அவனும் தேடவில்லை. இரண்டு தோட்டாக்களைப் போட்டு, வானத்தைப் பார்த்துத் தோளில் வைத்தான். அவள் அளவுக்கு வெட்டிய கட்டை அவனுக்குப் போதவில்லை. கட்டைவிரல் மூக்கில் முட்டியது. அப்படியே சுட்டான். ஒன்று, பிறகு இன்னொன்று.

சின்னச் சத்தம்தான். தோளில் குழந்தை தட்டுகிற மாதிரி ஒரு தட்டு. கொஞ்சம் புகை. இரும்பின் நிறம் எங்கும் போய்விடவில்லை, குழல் வெடித்துவிடவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பனியில் மண்டியிட்டான்.

டாலி சத்தம் கேட்ட மாத்திரத்தில் பாய்ந்து போயிருந்தது. சுட்டால் ஏதாவது விழும் என்றுதான் அதற்குத் தெரியும். ஆர்லீனோடு போய்ப் பழகிய நாய். மூக்கைப் பனியில் புதைத்துப் புதைத்து, புதருக்குப் புதர் தேடியது.

"வாடி" என்று எல்மர் கூப்பிட்டான். "அங்க ஒண்ணுமில்ல. வந்துடு."

அது வரவில்லை. தேடிக்கொண்டே இருந்தது.